எழுத்து தெரிகிறது, அசைவு தெரிகிறதா? கிளாக்கோமாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரி வரை தடுமாறாமல் வாசித்துவிட்டால் கண்ணில் குறையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவதுதான் கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சேதமடையும் கண்நோய், உள்ளவர்கள் செய்யும் முதல் தவறு. அந்தப் பலகை அளப்பது மையப் பார்வையின் கூர்மையை மட்டுமே. இந்த நோயோ பெரும்பாலும் மையத்தைக் கடைசி வரை விட்டுவைக்கிறது. பலகையில் எழுத்துகளும் அசைவதில்லை, வாசிப்பவரும் அசைவதில்லை. சாலையைக் கடக்கும்போது இரண்டும் அசைகின்றன.

விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்லியான் செல்கள் ஒவ்வொரு கண்ணிலும் ஏறத்தாழ 10 லட்சம் உண்டு. அவற்றில் சுமார் பத்தில் ஒரு பங்கே இருக்கும் பெரிய செல்கள்தாம் அசைவை உணர்வதில் முன்னிற்பவை என்பதால், அவற்றில் சில அழிந்தாலும் ஈடுகட்ட அருகில் வேறு செல்கள் அதிகம் இருப்பதில்லை. கிளாக்கோமா பெரிய செல்களையே முதலில் தாக்குகிறது என்ற பழைய கருத்து இன்று விவாதத்துக்குரியது. ஆனால், சிதறி நகரும் புள்ளிகளைத் திரையில் காட்டிச் சோதிக்கும்போது, இந்நோயாளிகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலான புள்ளிகள் ஒரே பக்கமாக நகர்ந்தால்தான் திசை பிடிபடுகிறது என்பது பல ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று.

பார்வை குறைந்தால் ஓரங்களில் கறுப்பு வளையம் தெரியும் என்று காத்திருப்பது அடுத்த தவறு. விடுபட்ட இடத்தைச் சுற்றுப்புறத்தின் சாயலைக் கொண்டே மூளை நிரப்பிவிடுவதால், பக்கவாட்டில் வரும் சைக்கிள் மங்கலாகக்கூடத் தெரியாமல், திடீரென்று கண்முன் முளைத்ததுபோல் வந்து நிற்கும். "எங்கிருந்துதான் வந்தானோ!" என்று ஓட்டி வந்தவரைத் திட்டுகிறோம், அதுவே அடிக்கடி நடந்தால் வயதின்மேல் பழியைப் போடுகிறோம். வயதும் அசைவுணர்வைக் குறைக்கும்தான், ஆனால் இரண்டில் எது காரணம் என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்தறிய முடியாது.

விரலை ஆட்டிப் பார்த்துத் தாமே சோதித்துக்கொள்வதும் ஏமாற்றிவிடும். நிலையான சிறு ஒளிப்புள்ளி தெரியாத பகுதியிலும் ஆடும் விரல் சில வேளைகளில் தெரியும். அதற்காக அப்பகுதி நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. ஏதோ அசைகிறது என்று உணர்வது வேறு, அது எத்திசையில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிப்பது வேறு. சாலையில் நம்மைக் காப்பது இரண்டாவதுதான்.

நேரே பார்த்தபடி, சுற்றிலும் மின்னும் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் பார்வைப் புலப் பரிசோதனையில் ஒளியைத் தேடிக் கண்ணை அலையவிடுவதும், ஊகத்தில் பொத்தானை அழுத்துவதும் முடிவையே கெடுத்துவிடும். கண்ணின் உள் அழுத்தம் 21 மி.மீ. பாதரசத்துக்குக் கீழ் வந்துவிட்டது என்று சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்துவதோ இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஏனெனில் இழந்த பார்வை திரும்புவதில்லை.

ஒரு கண்ணின் குறையை மற்றொன்று மறைத்துவிடும் என்பதால், இரு கண்களும் சேர்ந்து பார்க்கையில் எந்தப் பக்கம் குறைகிறது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்குமுன் நின்று, அந்தப் பக்கம் கண்ணை மட்டுமல்ல, தலையையே திருப்பி இருமுறை பாருங்கள்.