முதல் கணினி அசெம்பிள் செய்கிறீர்களா? கூலரைக் கடைசிக்கு விடாதீர்கள்

முதன்முறையாகக் கணினி பாகங்களைப் பட்டியலிடுகிறவர்களில் பலர், பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரைக் கடைசி வரியில்தான் எழுதுகிறார்கள். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு எல்லாம் முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் பணத்துக்கு ஏதோ ஒன்று. நானும் அப்படித்தான் வாங்கினேன். எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது கேபினெட்டின் பக்கக் கதவு மூடவில்லை. அந்தக் கேபினெட்டில் 148 மி.மீ. உயரம் வரைதான் கூலர் வைக்க முடியும். நான் வாங்கியது 155 மி.மீ. இரண்டு அளவுகளும் அந்தந்தப் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருந்தன. அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒன்றைச் சொல்கிறேன்: பிராசசர், கூலர், கேபினெட் மூன்றையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். மற்றவை அவற்றைச் சுற்றி அமைந்துவிடும்.

படி 1: கணினி செய்யப்போகும் வேலையை எழுதுங்கள்

இணையம், எழுத்து, கணக்கு, படம் பார்ப்பது இவ்வளவுதான் என்றால் பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். விளையாட்டு என்றால் பணத்தின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். வீடியோ எடிட்டிங், முப்பரிமாண ரெண்டரிங் (கணினியே படங்களை உருவாக்குவது) போன்றவற்றுக்குக் கோர்களின், அதாவது பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின், எண்ணிக்கை முக்கியம்.

கூலருக்கும் இந்தக் கேள்விதான் அடிப்படை. பெரும்பாலான விளையாட்டுகள் பிராசசரின் எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்துவதில்லை. ரெண்டரிங் அப்படியல்ல, எல்லாக் கோர்களையும் மணிக்கணக்கில் நூறு சதவீதத்தில் ஓட்டும். ஆகவே ஒரே பிராசசரை வாங்கிய இருவருக்கு வெவ்வேறு கூலர் தேவைப்படலாம்.

படி 2: பிராசசரும் அதன் சாக்கெட்டும்

மதர்போர்டில் பிராசசரைப் பொருத்தும் இடமே சாக்கெட். பிராசசர் எந்தச் சாக்கெட்டில் உட்காருமோ அந்தச் சாக்கெட் உள்ள மதர்போர்டுதான் வேண்டும். பிராசசர் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்5 சாக்கெட் 2022இல் ரைசன் 7000 பிராசசர் வரிசையுடன் வந்தது. அதில் டிடிஆர்5 வகை ரேம் (தற்காலிக நினைவகம்) மட்டுமே வேலை செய்யும். இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் உட்காரும். அவற்றுக்கான மதர்போர்டுகளில் சில டிடிஆர்4 ரேமுக்கும் சில டிடிஆர்5 ரேமுக்கும் செய்யப்பட்டவை. ஒன்றின் ரேம் மற்றொன்றில் நுழையாது. ரேமின் விளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு.

சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது. மதர்போர்டு பிராசசருக்கு முன்பே வெளியானது என்றால் பயாஸை (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்தால்தான் அது பிராசசரை அடையாளம் காணும். சில மதர்போர்டுகளில் பிராசசரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் இருக்கிறது. முதன்முறை செய்பவர்கள் அந்த வசதி உள்ளதைத் தேடி வாங்குவது நல்லது.

பெயரின் கடைசியில் வரும் எழுத்துகளைக் கவனியுங்கள். இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் திரையில் எதுவும் வராது. ‘கே’ என்று முடிந்தால் வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம், ஆனால் பெட்டியில் கூலர் இருக்காது. ஏஎம்டியில் ரைசன் 5 7600 பிராசசருடன் கூலர் வரும், 7600எக்ஸ் உடன் வராது. ஒரே ஓர் எழுத்து உங்கள் பட்டியலில் ஒரு பாகத்தைக் கூட்டிவிடுகிறது.

படி 3: வெப்பக் கணக்கு

பிராசசர் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பத்தை எடுத்துச் செல்வதுதான் கூலரின் வேலை. எனவே பிராசசர் எத்தனை வாட் இழுக்கும் என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் பளிச்சென்று தெரியும் வாட் எண் உச்ச அளவு அல்ல.

ரைசன் 5 7600க்கு 65 வாட் என்று போட்டிருக்கும். அது 88 வாட் வரை இழுக்கலாம். 105 வாட் என்று போட்டிருக்கும் 7600எக்ஸ் 142 வாட் வரை போகும். இன்டெல் இரண்டு எண்களைத் தருகிறது: அடிப்படை மின்திறன், உச்ச டர்போ மின்திறன். கோர் ஐ5 12400க்கு அவை 65, 117 வாட். கோர் ஐ9 13900கே என்றால் 125, 253 வாட். கூலர் வாங்கும்போது எப்போதும் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கூலர் போதாவிட்டால் பிராசசர் எரிந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரி செல்சியஸ், இன்டெல்லின் 13ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்களுக்கு 100 டிகிரி என்று ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தொட்டதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நான் இதை இழப்பாகவே பார்க்கிறேன். உயர்ந்த பிராசசருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே உள்ளதன் வேகத்தைப் பெறுகிறீர்கள். பலருக்கு அது தெரிவதுகூட இல்லை.

அறையின் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றால் இயங்கும் கூலரோ நீரால் இயங்கும் கூலரோ, பிராசசரை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை 10 டிகிரி கூடினால் பிராசசரும் ஏறத்தாழ அதே அளவு கூடும். குளிரூட்டிய அறையில் எடுத்த சோதனை எண்களை வெக்கையான அறைக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

படி 4: எந்த வகைக் கூலர்?

பிராசசருடன் வரும் சிறிய கூலர், 65 வாட் வகைப் பிராசசருக்கும் அன்றாட வேலைக்கும் போதுமானது. சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது டவர் கூலர். செங்குத்தாக நிற்கும் அலுமினியத் தகடுகள், அவற்றை ஊடுருவும் செம்புக் குழாய்கள், பக்கவாட்டில் ஒரு ஃபேன். அந்தக் குழாய்கள் திடமான செம்பு அல்ல. உள்ளே சிறிதளவு நீரை விட்டு, காற்றை நீக்கி மூடியிருக்கிறார்கள். அழுத்தம் குறைவு என்பதால் 100 டிகிரிக்கு வெகு முன்பே நீர் ஆவியாகிறது. ஆவி மேலே போய்த் தகடுகளிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகிறது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் அந்த நீரை அடிப்பகுதிக்கு இழுத்து வருகிறது. பம்பு இல்லை, மோட்டார் இல்லை. பழுதாகக்கூடியது ஃபேன் ஒன்றுதான். அதையும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். இந்த எளிமைக்காகவே நான் டவர் கூலரை விரும்புகிறேன். முதன்முறை அசெம்பிள் செய்பவர்களில் பெரும்பாலோருக்கு 120 மி.மீ. ஃபேன் உள்ள ஒற்றை டவர் போதும்.

மூன்றாவது வகை, மூடிய நீர்க் கூலர். பம்பு ஒன்று நீரைச் சுற்றவிட்டு, பிராசசரின் வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும். அதன் ரேடியேட்டர் 240, 280, 360 மி.மீ. போன்ற அளவுகளில் வருகிறது. 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் பிராசசரில் நீண்ட நேரம் முழு வேலை நடக்கும் என்றால் 360 மி.மீ. பொருத்தமானது. ஆனால் பம்பு தேயும், பழுதானால் பெரும்பாலும் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். ரேடியேட்டரின் மேல்பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்கும்படி மாட்டுங்கள். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ் உயரமான இடத்தில்தான் தங்கும். அது பம்பில் தங்கக் கூடாது.

படி 5: அளவெடுங்கள்

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் உயரம். 120 மி.மீ. ஃபேன் உள்ள டவர்கள் பொதுவாக 155 முதல் 160 மி.மீ. இருக்கும்; நாக்டுவா என்எச்-டி15 போன்ற பெரிய இரட்டை டவர் 165 மி.மீ. கேபினெட் விவரக்குறிப்பில் கூலரின் அதிகபட்ச உயரம் எழுதியிருக்கும். இடையில் சில மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

அடுத்து ரேம். டவரின் முன்பக்க ஃபேன் சில சமயம் ரேமுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அலங்கார வெப்பத்தகடு உள்ள உயரமான ரேம் அதில் இடிக்கும். ஃபேனைச் சற்று உயர்த்தி மாட்டலாம்தான். அப்படிச் செய்தால் கூலரின் மொத்த உயரமும் கூடும், கதவுக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

மூன்றாவது, பொருத்தும் சட்டம். எல்ஜிஏ 1700 மதர்போர்டில் கூலர் துளைகளின் இடைவெளி 78 மி.மீ.; அதற்கு முந்தைய எல்ஜிஏ 1200இல் 75 மி.மீ. ஆகவே பழைய கூலருக்குப் புதிய சட்டம் தேவைப்படும். ஏஎம்5இல், கூலரைத் தாங்க மதர்போர்டின் பின்பக்கம் இருக்கும் பின்தகடு கழற்ற முடியாதது. மதர்போர்டின் பின்தகட்டையே பயன்படுத்தும், முந்தைய ஏஎம்4 சாக்கெட்டுக்கான கூலர்கள் அப்படியே பொருந்தும், சொந்தப் பின்தகட்டைக் கேட்பவை பொருந்தாது.

படி 6: மற்ற பாகங்கள்

ரேமை இரண்டு குச்சிகள் கொண்ட ஒரே தொகுதியாக வாங்குங்கள். நான்கு இடங்கள் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4ஆம் இடங்களில் மாட்டுவதே வழக்கம். மதர்போர்டின் கையேட்டில் சரிபார்த்துவிடுங்கள். கோப்புகளைச் சேமிக்க, மதர்போர்டில் நேரடியாகச் செருகும் வேகமான சேமிப்பகமான என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று போதும். கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியைவிட வலையாக இருந்தால் காற்று நன்றாக நுழையும். எவ்வளவு நல்ல கூலரும் சூடான காற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டின் உச்ச வாட்டையும் கூட்டி, அதற்கு மேல் தாராளமாக இடம் விட்டு வாங்குங்கள். கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள வகை என்றால், வேறொரு பவர் சப்ளையின் கேபிளை ஒருபோதும் செருகாதீர்கள். செருகி ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம். எஸ்எஸ்டி நொடியில் செத்துவிடும்.

படி 7: கூலரை மாட்டுதல்

மதர்போர்டைக் கேபினெட்டுக்குள் வைக்கும் முன்பே பிராசசரையும் கூலரின் சட்டத்தையும் மாட்டிவிடுங்கள். பிராசசரின் மூலையில் உள்ள சிறு முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர வேண்டும். அழுத்தாதீர்கள், சரியான திசையில் வைத்தால் தானாக உட்காரும்.

கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தெடுங்கள். தெர்மல் பேஸ்ட் முன்பே பூசப்பட்டிருந்தால் மேலும் பூச வேண்டாம். இல்லையென்றால் பிராசசரின் நடுவில் பட்டாணி அளவு ஒரு சொட்டு. பேஸ்ட், இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய காற்று இடைவெளிகளை நிரப்புகிறது. காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். திருகுகளை ஒன்றை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மூலைக்கு மூலை குறுக்காக, இரண்டிரண்டு சுற்றாக முடுக்குங்கள். ஃபேனின் சட்டக்கம்பிகள் தெரியும் பக்கம் காற்று வெளியேறும் பக்கம். அது கேபினெட்டின் பின்புறத்தைப் பார்த்திருக்கட்டும். ஃபேன் வயரைச் ‘சிபியு ஃபேன்’ என்று அச்சிட்ட முனையிலேயே செருகுங்கள். இல்லாவிட்டால் பல மதர்போர்டுகள் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும்.

படி 8: சரிபார்த்தல்

முதலில் பயாஸில் வெப்பநிலையைப் பாருங்கள். இயங்குதளம் ஏற்றிய பிறகு, எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுக்கும் சோதனை மென்பொருளை 15 நிமிடம் ஓட்டி, வெப்பநிலையையும் வேகத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். மெல்ல ஏறி ஓரிடத்தில் நிலைத்தால் நல்லது. சுமாரான பிராசசர் ஓரிரு நொடியில் எல்லையைத் தொட்டு வேகம் சரிந்தால், தாளை உரிக்க மறந்திருக்கலாம் அல்லது கூலர் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கலாம். கணினியை அணைத்து, கூலரை மெல்லத் திருகியபடி கழற்றிப் பேஸ்ட் பரவிய வடிவத்தைப் பாருங்கள். ஒரு மூலையில் தடிமனாக இருந்தால் அந்தப் பக்கத் திருகு தளர்வாக இருந்திருக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இரண்டு பரப்புகளையும் துடைத்துவிட்டு, புதிய பேஸ்ட் வைத்து மறுபடி முடுக்குங்கள்.