ஆக்டோபஸின் சிறுநீரகத்தில் டைசைமிட்டைப் பார்ப்பது எப்படி?

விலங்கியல் ஆய்வகத்தில் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். எத்தனை உயிர்களைக் காட்டினாலும், மாணவர்கள் நுண்ணோக்கியை விட்டு நகர மறுப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான்: ஆக்டோபஸின் சிறுநீரகத்தில் குடியிருக்கும் டைசைமிட் என்னும் சிறு ஒட்டுண்ணி. வாய் இல்லை, குடல் இல்லை, நரம்பு இல்லை. மொத்த உடலும் பத்து முதல் நாற்பது செல்களுக்குள் முடிந்துவிடும். 1787-இலேயே இத்தாலிய இயற்கையியலாளர் கவோலினி இதைப் பார்த்து எழுதிவிட்டார். ஆனாலும் நிறமேற்றிய பழைய ஸ்லைடைப் பார்த்ததோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். உயிரோடு நீந்தும்போது பாருங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இதற்கென்று ஓர் ஆக்டோபஸைக் கொல்ல வேண்டாம். உணவுக்காகப் பிடிக்கப்பட்டு, இறந்து சில மணி நேரமே ஆனது போதும். பனிக்கட்டியின் மேல் வைத்திருந்தால் சரி. உறையவைத்தது உதவாது, செல்கள் சிதைந்திருக்கும். கடல் தரையில் வாழும் வகையாக, வளர்ந்த விலங்காகத் தேர்ந்தெடுங்கள். மிகச் சிறிய குஞ்சுகளில் பெரும்பாலும் ஒட்டுண்ணி இருக்காது.

நீரைப் பீய்ச்சும் குழாயான புனல் இருக்கும் பக்கம் மேலே வரும்படி கிடத்தி, உடற்பையின் சுவரை நடுவில் கத்தரியுங்கள். சுவரை உள்ளுறுப்புகளோடு பிணைக்கும் நடுத் தசையையும் வெட்டினால் பை இருபுறமும் விரியும். கத்தரிக்கோலின் முனை எப்போதும் மேல்நோக்கியே இருக்கட்டும். மைப்பை கிழிந்தால் அன்றைய வேலை முடிந்தது. இரண்டு செவுள்களின் அடியிலும் உருண்டையாக ஒவ்வொரு செவுள் இதயம் தெரியும். அவற்றுக்கு இடையே மெல்லிய, ஒளி ஊடுருவும் சுவருடன் இருப்பவை சிறுநீரகப் பைகள். பையைத் திறந்தால், சிரைகளின் மேல் நுரைபோலக் கொத்துக்கொத்தாகத் தொங்கும் திசு இருக்கும். டைசைமிட்டுகள் தலையைச் செருகிக்கொண்டு வாழ்வது அதன் மடிப்புகளில்தான்.

முதலில் பைக்குள் இருக்கும் சிறுநீரை டிராப்பரால் உறிஞ்சித் தனியே வையுங்கள். பிறகு அரிசிமணி அளவு திசுவைக் கிள்ளி, வடிகட்டிய கடல்நீர்த் துளியில் வைத்து, ஊசியால் மெதுவாகப் பிரித்து, கவர் ஸ்லிப்பால் மூடுங்கள். குழாய்நீர் கூடவே கூடாது. என் முதல் முயற்சியில் திசுவில் ஒட்டியிருந்த சளியைக் குழாய்நீரில் கழுவினேன். நுண்ணோக்கியில் வெடித்த செல்களின் குப்பைதான் மிஞ்சியது. அந்த ஒரு கழுவலால் போனது ஒரு முழு விலங்கின் திசு.

நாற்பது மடங்கில் தொடங்குங்கள். நிறமற்ற உடல் என்பதால் நுண்ணோக்கியின் ஒளித் துளையைப் பாதி அளவுக்கு மேல் மூட வேண்டும்; வெளிச்சம் அதிகமானால் எதுவும் தெரியாது. வெண்ணிற நூல்துண்டுகள் வளைந்து நெளிந்து போவது தெரிந்ததும் நூறு, நானூறு மடங்குக்கு மாறுங்கள்.

இனி அவசரம் வேண்டாம். வெளியே குற்றிழைகள் (நுண்மயிர்கள்) அடர்ந்த ஒற்றை அடுக்குச் செல்கள்; நடுவே தலையிலிருந்து வால்வரை நீளும் ஒரே ஓர் அச்சுச் செல். அந்தச் செல்லுக்குள் பாருங்கள்: சில செல்களே சேர்ந்த உருண்டை, சற்றே நீண்ட கரு, தாயின் வடிவத்தை அப்படியே எட்டிவிட்ட குட்டி என வரிசையாகக் கிடக்கும். ஒருமுறை, முழுதாக வளர்ந்த குட்டி அச்சுச் செல்லுக்குள்ளேயே துடித்து, தாயின் புறச்செல்களை விலக்கிக்கொண்டு வெளியே நழுவியதைப் பார்த்தோம். கண்ணை எடுக்கத் தோன்றவில்லை.

தலைப்பகுதியின் வடிவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கூம்புபோல இருப்பவை மடிப்புக்குள் நுழையும். தட்டைத் தலை உள்ளவை மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஒரே சிறுநீரகத்தில் இரண்டு இனங்கள் இடத்தைப் பகிர்ந்து வாழ்வது இப்படித்தான்.

எடுத்துவைத்த சிறுநீரை மறந்துவிடாதீர்கள். சிறுநீரகத்தில் கூட்டம் பெருகியதும் இவை பாலினப் பெருக்கத்துக்கு மாறி, இன்ஃபியூசோரிஃபார்ம் என்னும் வேறு வகைக் கருவை உண்டாக்கும். அது ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். சிறுநீரோடு கடலுக்குப் போவது இதுதான். முன்பகுதியில் பளிச்சென்று மின்னும் இரண்டு மணிகள்தான் அடையாளம். அந்த மணிகளின் எடையால்தான் அது ஆக்டோபஸ் வாழும் கடல் தரையை நோக்கி இறங்குகிறது.

நிரந்தர ஸ்லைடு வேண்டுமென்றால், திசுவைக் கவர் ஸ்லிப்பில் தேய்த்து, காயும் முன்பே, திசு சிதையாமல் பதப்படுத்தும் பூவான் கரைசலில் ஒரு நாள் முழுக்க மூழ்கவைத்து, எழுபது சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். பிறகு ஹீமடாக்சிலின், இயோசின் சாயங்களால் நிறமேற்றுங்கள். பூவான் கரைசலில் ஃபார்மலினும் பிக்ரிக் அமிலமும் இருப்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கும் தன்மை உடையது. புட்டியின் வாயில் மஞ்சள் படிகம் படிந்திருந்தால் திறக்காதீர்கள், ஆய்வகப் பொறுப்பாளரை அழையுங்கள்.