கத்திரி வெயிலுக்கு முன் கொல்லை மீன்குளத்தைத் தூர் வாருவது எப்படி?

வேலூர்ப் பக்கம் வீட்டில் மீன்குளம் வைத்திருப்பவர்களுக்கு மாசி மாதம்தான் வேலை மாதம். பனி விலகியிருக்கும்; ஆனால் விடியற்காலைக் குளிர் கொஞ்சம் மிச்சமிருக்கும். கத்திரிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் பிராணவாயு அதிகம் கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம், 35 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவுதான். மீனுக்கோ சூடு ஏற ஏற மூச்சு அதிகம் தேவைப்படும். அதனால் மே மாதத்தில் அடிச்சேற்றைக் கிளறுவது மீனின் கழுத்தைப் பிடிப்பதற்குச் சமம்.

இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை அதிகம். குளம் கட்டிய முதல் ஆண்டில் தண்ணீர் முழுவதையும் இறைத்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவினேன். அன்றே குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பினேன். குளம் பளிங்கு போல இருந்தது. மறுநாளிலிருந்து தங்கமீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன; நான்காம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குழாய்த் தண்ணீரின் குளோரின் ஒரு காரணம். இன்னொன்று, நான் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தெடுத்த பழுப்புப் படலம்.

சுவரில் கை வைத்தால் வழுக்குமே, அந்தப் படலத்தில்தான் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை அவைதான். அவற்றைக் கழுவிவிட்டால் மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல இடங்களில் போர்வெல் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கூடியது. காரமும் சூடும் ஏறினால் அதே அளவு அம்மோனியா பல மடங்கு நஞ்சாகும். ஆகவே சேற்றை எடுங்கள், படலத்தை விட்டுவைத்து விடுங்கள். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

படி 1: குளத்தின் கொள்ளளவு

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, வரும் எண்ணை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். எங்கள் குளம் 8 அடிக்கு 5 அடி, ஆழம் 3 அடி. அதாவது சுமார் 3,400 லிட்டர். ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எங்களுக்கு அது 1,100 லிட்டர்.

படி 2: முந்தைய நாள்

முந்தைய நாள் காலையிலிருந்தே தீனியை நிறுத்துங்கள். மாநகராட்சித் தண்ணீர் என்றால் டிரம்களில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள், குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவ்வளவு டிரம் இல்லாதவர்கள் மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைப் புட்டியில் எழுதியுள்ள அளவில் சேர்க்கலாம். போர்வெல் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் ஆழத்திலிருந்து வருவதால் பிராணவாயு மிகக் குறைவு. அதை உயரத்திலிருந்து சிதறி விழும்படி விட வேண்டும். பூவாளி முனை போதும்.

படி 3: மேலிருந்து கீழே

முதல் வேலை மின்சாரம். பம்பு, விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

மிதக்கும் இலை, சருகுகளை வலையால் அள்ளுங்கள். அல்லியின் மஞ்சளித்த இலைகளை அடித்தண்டோடு கிள்ளுங்கள். நூல் நூலாகப் படரும் பச்சைப் பாசியை ஒரு குச்சியில் சுற்றி இழுத்தால் நூல்கண்டு போலத் திரண்டு வரும். சுவரோடு ஒட்டிய பாசியைச் சுரண்ட வேண்டாம். தண்ணீர் விளிம்பில் தெரியும் வெள்ளைக் கோடு உப்புப் படிவுதான், அது மீனை ஒன்றும் செய்யாது.

படி 4: சேறு எடுத்தல்

பொறுமை வேண்டிய இடம் இதுதான். தோட்டத்து ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் குளத்தின் அடியிலும் மறுமுனையைத் தாழ்வான பாத்தியிலும் விட்டால் சேறு தானாக இழுத்துக்கொண்டு போகும். குழாய் முனையைச் சேற்றுக்கு மேல் ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். குளத்தின் நீர்மட்டம் தோட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால் சிறிய நீர்மூழ்கி மோட்டார் வேண்டும். குஞ்சு மீன் உள்ளே போகாதபடி மோட்டாரை ஓட்டைக் கூடைக்குள் வைத்து இறக்குங்கள்.

மீன்களைப் பிடிக்க வேண்டாம். மெதுவாகச் செய்தால் அவை மறுமூலைக்கு ஒதுங்கிக்கொள்ளும். வலைபோட்டுத் துரத்துவதுதான் அவற்றுக்கு அதிகத் துன்பம். ஒரே ஒரு விலக்கு உண்டு. சேறு கன்னங்கரேலென்று இருந்து, கிளறியதும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உடனே நிறுத்துங்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்குக் கொடிய நஞ்சு. குளத்தின் மேல்தண்ணீரையே அண்டாவில் மொண்டு மீன்களை அதில் மாற்றி, நிழலில் வைத்து, ஈரத்துணியால் மூடிவிட்டுப் பிறகு சேற்றை எடுங்கள். நான் ஒருமுறை அண்டாவைக் குழாயடியில் வைத்தபோது அம்மா, “அங்கே இன்னும் அரை மணியில் வெயில் வந்துவிடும், வேப்பமரத்தடிக்கு நகர்த்து” என்றார். மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சொன்னபடியே வந்தது.

சேறு நான்கு விரற்கடைக்கு மேல் கனமாக இருந்தால் பாதியை இன்று எடுத்து, மீதியை இரண்டு வாரம் கழித்து எடுங்கள். எடுத்த சேற்றைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அதைவிட நல்ல எரு கிடையாது. எங்கள் முள்ளுக்கத்தரிப் பாத்தி ஆண்டுதோறும் இதைத்தான் குடித்து வளர்கிறது.

படி 5: வடிகட்டி

நுரைப்பஞ்சை ஒரு வாளிக் குளத்துத் தண்ணீரில் நான்கு முறை பிழிந்தால் போதும். குழாயடியில் கழுவக் கூடாது, சோப்புப் பக்கமே போகக் கூடாது. பஞ்சு பழுப்பாகவே இருக்கும், இருக்கட்டும்.

படி 6: நிரப்புதல்

விரல் தடிமன் ஓட்டமாக, மணிக்கணக்கில் நிரப்புங்கள். புதுத் தண்ணீரும் பழையதும் கைக்கு ஒரே சூடாக இருக்க வேண்டும். தீனியை மறுநாள் மாலை ஒரு சிட்டிகையில் தொடங்குங்கள்.

கத்திரியில்

மே மாதத் தொடக்கத்தில் அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டால் தூர் வாரும் பேச்சே வேண்டாம். குளத்தின் பாதிக்குப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். ஆவியாகும் தண்ணீரைச் சூரியன் சாய்ந்த பிறகு ஈடுகட்டுங்கள். பகல் 3 மணிக்கு மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும், மீனை வேக வைத்துவிடும்.

விடியற்காலை 5 மணிக்கு ஒருமுறை எழுந்து குளத்தைப் பாருங்கள். பாசி பகலில் பிராணவாயு தரும், இரவில் தானே அதை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். மீன்கள் மேல்மட்டத்தில் வாயை வட்டமாகத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைத்துத் தீனி போட்டுவிடாதீர்கள். காற்று பம்பை இரவு முழுவதும் ஓட விடுங்கள். பம்பு இல்லாவிட்டால் ஒரு குவளையால் குளத்துத் தண்ணீரையே மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள்.

மழைக்கு முன்

புரட்டாசியில் இன்னொரு சிறு சுத்தம்: சருகு அள்ளுதல், பஞ்சு பிழிதல், அவ்வளவுதான். மேல்வழிக் குழாயின் வாயில் வலை கட்ட மறக்காதீர்கள், ஐப்பசி மழையில் குளம் ததும்பினால் மீன் தெருவுக்குப் போய்விடும். குளத்தில் மீன் இருந்தால் கொசுப்புழு தங்காது. ஆனால் அல்லித் தொட்டியின் விளிம்பு, மூடாத டிரம் ஆகிய மீன் நுழைய முடியாத இடங்களை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும்.

மீன் பெருகிவிட்டால் ஏரியிலோ பாலாற்றிலோ விடாதீர்கள். கப்பி, கோய், திலாப்பியா எல்லாம் வெளியூர் மீன்கள், நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகாயத்தாமரையையும் அப்படித்தான். அள்ளியதை வெயிலில் முழுக்கக் காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.