கால்ஃப் ஷூ வாங்கும் முன் பாதத்தை அளந்துகொள்ளுங்கள்

18 குழிகள் கொண்ட மைதானத்தை நடந்தே ஆடி முடிப்பவர், நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 8 முதல் 10 கிலோமீட்டர் வரை நடந்துவிடுகிறார். அதற்கிடையே ஒவ்வொரு முறை பந்தை ஓங்கி அடிக்கும்போதும், உடல் சுழலும் விசை முழுவதையும் பாதங்களே தாங்குகின்றன. வலக்கைக்காரர் அடித்து முடிக்கும் கணத்தில் இடது பாதம் வெளி விளிம்பை நோக்கிச் சரிகிறது. வலது குதிகால் மேலெழும்பி விரல்கள் மட்டும் தரையில் ஊன்றியிருக்கின்றன. ஆகவே, நடப்பதற்குச் சுகமான ஷூவெல்லாம் கால்ஃபுக்கு உகந்ததாகிவிடாது. மட்டை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட, ஷூவுக்கு மட்டும் எண்ணைச் சொல்லிப் பெட்டியை வாங்கி வந்துவிடுவது எனக்கு இன்றும் வியப்புதான்.

அளவெடுக்கும் வேலையை வீட்டிலேயே, மாலையில் செய்யுங்கள். பகலெல்லாம் நின்று நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் அந்த நேரத்து அளவே ஆட்டத்தின் பிற்பகுதிக்குப் பொருந்தும். சுவரோரம் ஒரு தாளை விரித்து, ஆடும்போது அணியும் அதே சாக்ஸுடன், குதிகாலைச் சுவரில் ஒட்டி, முழு எடையையும் ஊன்றி நில்லுங்கள். வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையட்டும். பென்சில் உட்புறம் சாய்ந்தால் அளவு குறைந்துவிடும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம்; எது நீளமோ அதுவரை அளக்க வேண்டும். இரு பாதங்களும் ஒரே அளவாக இருப்பது அரிது என்பதால், பெரிய பாதத்துக்கு ஏற்பவே ஷூ வாங்க வேண்டும்.

எண்ணை நம்பி ஏமாறுவோரும் உண்டு. ஆண்கள் ஷூவில் பிரிட்டிஷ் அளவில் 8 என்பது அமெரிக்க அளவில் ஏறத்தாழ 9 ஆகும். இணையத்தில் வாங்கும்போது எந்த நாட்டு எண் என்று பார்த்து, முடிந்தால் பெட்டியிலுள்ள சென்டிமீட்டர் அளவோடு ஒப்பிடுங்கள். அகலமான பாதமுடையவர்கள் ஒரு எண் கூட்டி வாங்கிச் சமாளிப்பது பெரும் தவறு: விரல்களுக்கு இடம் கிடைத்தாலும் குதிகால் உள்ளே வழுக்கும். ஒரே நீளத்தில் 2இ, 4இ என அகலம் கூடிய ஷூக்களும் வருகின்றன. அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் ஷூவுக்குள் பாதம் படியும் மெத்தையான இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் ஏறி நின்று பாருங்கள். பாதம் பக்கவாட்டில் வழிந்தால் அந்த ஷூவை வைத்துவிடலாம். அணிந்து நிற்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகல இடைவெளி வேண்டும். இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். “போடப் போடத் தளர்ந்துடும் சார்” என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி வாங்கிய ஷூவோடு கொடைக்கானல் மைதானத்தின் சரிவுகளில் இறங்கியபோது, ஒவ்வொரு அடியிலும் பெருவிரல் முன்பக்கம் இடித்து, மறுநாள் நகம் கறுத்துவிட்டது. தோல் ஓரளவு இளகும். செயற்கைப் பொருள் ஏறக்குறைய இளகவே இளகாது. தோலும் அகலத்தில்தான் இளகுமே தவிர, நீளத்தில் இளகாது.

பிறகு லேஸை இறுக்கிக் கட்டி, கடைக்குள்ளேயே கையில் மட்டை இருப்பதுபோல் பாவனை செய்து சுழன்று பாருங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. பாதம் ஷூவுக்குள் பக்கவாட்டில் நகரக் கூடாது. குதிகாலும் தூக்கக் கூடாது. ஷூவைக் கையில் எடுத்து மடக்கினால், விரல்கள் மடங்கும் இடத்தில்தான் அது மடங்க வேண்டும். நட்ட நடுவில் மடங்கும் ஷூ உள்ளங்காலைத் தாங்காது. குதிகால் வலி உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

வழுக்காமல் தரையைப் பற்ற ஷூவின் அடியில் இருக்கும் ஸ்பைக் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். உலோக ஆணிகளின் இடத்தை 1990-களில் பிளாஸ்டிக் ஸ்பைக்குகள் பிடித்துக்கொண்டன. ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஈரமும் ஏற்ற இறக்கமும் உள்ள இடங்களுக்கு அவையும், சென்னையின் சமதளத்துக்கு ஸ்பைக் இல்லாத சோலும் நல்லது. தண்ணீர் புகாத ஷூ மலைக்கு ஏற்றது. சென்னை வெயிலில் அதற்குள் வியர்வை தேங்கிக் கொப்புளம் வரும்.

நீரிழிவு நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் ஷூ கடிப்பதே தெரியாது. எனவே ‘சுகமாக இருக்கிறது’ என்ற உணர்வை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறை அணியும் முன்பும் உள்ளே கைவிட்டு, சிறு கல்லோ துருத்திய தையலோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புதிய ஷூவோடு முதல் நாளே 18 குழிகளும் ஆடாமல், பயிற்சித் திடலில் அரைமணி நேரம் அணிந்து, கழற்றியதும் சாக்ஸை உருவிப் பாதத்தில் எங்கேனும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.