ராம் வாங்கப் போகுமுன்: விண்டோஸில் விர்ச்சுவல் மெமரியைச் சரிசெய்வது எப்படி?

4 ஜிபி ராம் உள்ள லப்டொப்பில் குரோம், எக்செல், சூம் வகுப்பு எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் அது திணறத்தான் செய்யும். உடனே பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் ராம் விலை கேட்காமல், முதலில் வீட்டிலேயே ஓர் இடத்தைப் பாருங்கள்.

கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ், அப்புறம் மெமரி. ராம் 85 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டினால் பதற வேண்டாம், சும்மா கிடக்கும் ராமால் யாருக்கும் பயனில்லை. கீழே 'கொமிட்டட்' என்று இருப்பதைப் பாருங்கள். 7.4/7.9 ஜிபி என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, ஓடும் புரோகிராம்களுக்குத் தருவதாக விண்டோஸ் ஒப்புக்கொண்ட அளவு. இரண்டாவது, இப்போதைக்கு அதன் உச்சவரம்பு, அதாவது ராமும் பேஜிங் ஃபைலும் சேர்ந்த தொகை. இரண்டும் நெருங்கினால்தான் மெமரி போதவில்லை என்ற அறிவிப்பு வரும், புரோகிராம்கள் தாமாக மூடிக்கொள்ளும்.

பேஜிங் ஃபைல் என்பது சி டிரைவில் மறைவாக இருக்கும் ஒரு ஃபைல். விண்டோஸ் மெமரியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, நெடுநேரம் யாரும் தொடாத பக்கங்களை அதில் எழுதிவைக்கும். கேட்கும்போது திரும்ப ராமுக்குக் கொண்டுவரும். இப்படி டிஸ்க்கையும் ராமோடு சேர்த்து மெமரியாகப் பயன்படுத்துவதுதான் விர்ச்சுவல் மெமரி. புதிய வித்தை அல்ல: 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி, டிஸ்க்குக்குப் பதில் சுழலும் காந்த உருளையை வைத்து இதைச் செய்தது.

ஆனால் வேகம் வேறு. ராமிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோசெக்கன் போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் 10 மில்லிசெக்கன் வரை ஆகும், அதாவது லட்சம் மடங்கு. எஸ்எஸ்டி இருந்தால் அவ்வளவு மோசமில்லை. ஆகவே பேஜிங் ஃபைலைப் பெருப்பித்தால் புரோகிராம்கள் செத்து விழாது, அவ்வளவுதான். வேகம் வேண்டுமென்றால் ராம்தான் போட வேண்டும். அதற்கு இடமிருக்கிறதா என்பதை அதே மெமரிப் பக்கத்தில் 'ஸ்லொட்ஸ் யூஸ்ட்' சொல்லிவிடும்.

சரி, மாற்றுவோம். அதற்குமுன் சி டிரைவில் குறைந்தது 15 ஜிபியாவது காலியாக்குங்கள். பல நேரம் இதுவே போதும், ஏனென்றால் இடம் கிடைத்தால் விண்டோஸ் தானாகவே ஃபைலைப் பெருப்பித்துக்கொள்ளும். அப்படியும் சரிவராவிட்டால், ஸ்டார்ட்டில் 'அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, பெர்ஃபோமன்ஸுக்குக் கீழே உள்ள செட்டிங்ஸை அழுத்துங்கள். அங்கே அட்வான்ஸ்ட், பிறகு விர்ச்சுவல் மெமரிக்குக் கீழே சேஞ்ச். மேலே 'ஓட்டோமேட்டிக்' என்று தொடங்கும் வரியின் டிக்கை எடுத்துவிட்டு, சி டிரைவைத் தெரிவுசெய்து, 'கஸ்டம் சைஸ்' இல் 4096, 8192 என்று கொடுங்கள். இவை எம்பி கணக்கு. 'செட்' பொத்தானை அழுத்தாமல் ஓகே கொடுத்தால் எதுவும் மாறாது, கவனம். பிறகு ரீஸ்டார்ட்.

அதே பெட்டியில் 'நோ பேஜிங் ஃபைல்' என்றும் ஒன்று இருக்கும். அதைப் போட்டால் வேகம் கூடும் என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். உச்சவரம்பு வெறும் ராம் அளவுக்கு இறங்கிவிடும்.