வரிக் கணக்கு தனி, வாய்த் தவறு தனி

வியாசர்பாடியில் எங்கள் படிப்பகத்தின் ஞாயிறு மாலை வாதத்தை நடத்துவது என் பொறுப்பு. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம், பின்னி மில் வாயிற்கூட்டங்களில் பேசிப் பழகிய பெரியவர்கள் இன்னொரு பக்கம். அடுத்த வாரம், 2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற மிட் ரோம்னியை எடுக்கிறோம். இரண்டு அணியும் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

முதலில் வரி. வருமான வரி விகிதத்தை எல்லோருக்கும் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பேன் என்றார். பலகையில் போட்டுப் பாருங்கள். 35 சதவீத மேல்படி 28 ஆகும், 10 சதவீதக் கீழ்ப்படி 8 ஆகும். அங்கே நூறு டாலருக்கு 7 டாலர் மிச்சம், இங்கே 2. "விகிதம் ஒன்றுதானே?" என்று ரோம்னி அணி கேட்கும். நியாயமான கேள்வி, மழுப்பாதீர்கள். அந்த 35 முழு வருமானத்துக்கும் இல்லை, வரம்புக்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும்தான்; நம்மூர் ஸ்லாப் போலத்தான். இதில் தடுமாறினால் எதிரணி அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

வாதத்தின் உயிர் அடுத்த கேள்வியில் இருக்கிறது. அரசின் வருவாய் குறையாது, வரிச் சலுகைகளை வெட்டி ஈடுகட்டுவேன் என்றார். எந்தச் சலுகையை? வீட்டுக்கடன் வட்டியா, நன்கொடையா? பட்டியல் தரவே இல்லை. வரிக் கொள்கை மையம் என்ற ஆய்வு அமைப்பு அந்த ஆகஸ்டில் கணக்குப் போட்டது. சேமிப்பு, முதலீட்டுச் சலுகைகளைத் தொடாமல், 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களின் மற்ற சலுகைகளை எல்லாம் எடுத்தாலும் ஈடாகாது, மீதிச் சுமை அதற்குக் கீழே இருப்பவர்கள் தலையில்தான் விழும் என்றது. பொருளாதார வளர்ச்சி அதைச் சரிக்கட்டும் என்பது ரோம்னி தரப்பின் பதில். அந்த அணி இதை நன்றாகத் தயார் செய்து வரட்டும். பலவீனமான எதிராளியை ஜெயிப்பதில் யாருக்கும் படிப்பில்லை.

அப்புறம் ஜூலை மாத வெளிநாட்டுப் பயணம். லண்டனில் ஒலிம்பிக் ஏற்பாடுகளைப் பற்றிக் கவலை தெரிவித்து, பிரதமர் கேமரூனிடமும் மேயர் போரிஸ் ஜான்சனிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். இதை இழுக்காதீர்கள். பாதுகாப்புக்கு ஆள் பற்றவில்லை என்று அந்த ஊர்ப் பத்திரிகைகளே எழுதிக்கொண்டிருந்தன. விருந்தாளியாகப் போன இடத்தில் சொன்னதுதான் தப்பு.

அதே பயணத்தில் ஜெருசலேமில் பேசியது அப்படியில்லை. இஸ்ரேலியர் வருமானத்துக்கும் பாலஸ்தீனர் வருமானத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பண்பாட்டைக் காரணம் காட்டினார். பாலஸ்தீனர்கள் மீது இஸ்ரேல் போட்ட சோதனைச் சாவடி, சரக்குப் போக்குவரத்துத் தடை, எதுவும் அந்தப் பேச்சில் இல்லை. இஸ்ரேலில் தலைக்கு 21,000 டாலர், பாலஸ்தீனத்தில் 10,000 டாலர் என்று அவர் சொன்ன எண்களும் தவறு. உண்மையான இடைவெளி அதைவிட மிகப் பெரியது. முகவரியில் வியாசர்பாடி என்று பார்த்ததுமே இன்டர்வியூவில் முகம் மாறுவதை எங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஒரு மக்களின் வறுமைக்கு அவர்களுடைய குணத்தையே காரணமாகச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கோபத்தோடு பேசுங்கள், ஆனால் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வரிக்கு 20 நிமிடம், ஜெருசலேமுக்கு 10, லண்டனுக்கு 2.