ஸ்கிரிப்ட் அனுப்பும் மெயிலில் யார் பெயர் நிற்கிறது?

"ஏம்மா, ரூட்டுன்னு ஒருத்தன் எனக்கு மெயில் போட்டிருக்கானே, யாரு அவன்? தொறக்கலாமா வேணாமா?"

காவேரிப்பட்டணத்து மண்டிக்காரர் ஒருவர் ஒரு ஜூன் மாதக் காலையில் போனில் கேட்டது இது. பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த நேரம். கூழ் ஆலைக்கு அன்றைக்கு யார் எத்தனை லோடு போட்டார்கள், எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று இரவு பத்து மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சின்ன நிரல்) கணக்கெடுத்து அவரவருக்கு எடைச் சீட்டை மெயிலில் அனுப்பும். எழுதியது நான். ரூட் என்று ஆள் யாரும் இல்லை. லினக்ஸ் சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்கு அதுதான் பெயர். அனுப்புவது யார் என்று நான் சொல்லாமல் விட்டிருந்தேன். அதனால் ஸ்கிரிப்டை ஓட்டிய பயனரின் பெயரையே சர்வர் எழுதிவிட்டது. அவர் கண்ணிலாவது மெயில் பட்டது. பாதிப்பேருக்கு ஸ்பேமில் விழுந்து கிடந்தது. நாளெல்லாம் வெயிலில் நின்று லோடு இறக்கியவருக்கு அந்தச் சீட்டுதான் பணம். அது கைக்கு வராமல் போனது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

பழையபேட்டையில் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு நாள் இதைத் தோண்டினேன். உங்களுக்கு அந்த இரண்டு நாள் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு மெயிலுக்கு அனுப்புநர் ஒருவர் இல்லை, இருவர். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகியபோது தாளின் மேலே இடப்பக்கம் 'அனுப்புநர்' என்று எழுதினோம் அல்லவா? கவரின் மேலும் ஒரு அனுப்புநர் முகவரி உண்டு. தபால்காரர் கவரை மட்டும்தான் பார்ப்பார். ஆள் கிடைக்காவிட்டால் கவரில் உள்ள முகவரிக்குத்தான் திருப்பி அனுப்புவார். உள்ளே தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. மெயிலும் இதேதான். கவரின் மேல் உள்ளதை என்வலப் அனுப்புநர் என்பார்கள். தாளில் உள்ளது ஃப்ரம் வரி. மெயிலைத் திறப்பவர் பார்ப்பது ஃப்ரம் வரியை மட்டும். சர்வர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வது கவரை. இதற்கான விதிகளே தனித்தனி ஆவணங்கள்: கவருக்கு ஆர்.எஃப்.சி. 5321, தாளுக்கு 5322. இரண்டும் 2008-இல் வந்தவை.

எதையும் மாற்றும் முன் பார்த்துவிடுங்கள். ஸ்கிரிப்டிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். மேலே எஸ்.பி.எஃப்., டி.கிம்., டிமார்க் என்ற மூன்று சோதனைகளின் முடிவு வரும், அவை என்ன என்று பின்னால் சொல்கிறேன். கீழே ரிட்டர்ன்-பாத் என்று ஒரு வரி இருக்கும். கவரின் மேல் இருந்த முகவரியைப் பெறும் சர்வர் அங்கே குறித்து வைக்கிறது. நீங்களாக அந்த வரியை மெயிலில் எழுதினாலும் பயன் இல்லை, கடைசிச் சர்வர் கவரைப் பார்த்துத்தான் எழுதும். அதற்கும் கீழே ஃப்ரம் வரி. எனக்கு இரண்டிலும் ரூட், அதன் பின்னால் வாடகை சர்வருக்குக் கொடுத்திருந்த நீளமான எண் பெயர். அதே ஸ்கிரிப்டைப் பிரவுசர் வழியாக ஓட்டினால் ரூட்டுக்குப் பதில் 'டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ-டேட்டா' வந்தது. வெப் சர்வர் ஓடுவது அந்தப் பயனர் பெயரில்.

அப்போது அது பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட். முதல் நாள், மெயில் ஃபங்ஷனின் நான்காவது இடத்தில் ஃப்ரம் வரியைச் சேர்த்தேன். ஆலையின் பெயர் அழகாக வந்தது. மண்டிக்காரருக்கும் திருப்தி. ஆனால் ஸ்பேமில் விழுவது நிற்கவில்லை. தாளை மட்டும் திருத்தியிருக்கிறேன், கவரில் இன்னும் ரூட்தான் என்பது மறுநாள் ரிட்டர்ன்-பாத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கவரை மாற்ற அதே ஃபங்ஷனில் ஐந்தாவது இடம் இருக்கிறது. அங்கே ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டிச் சின்ன எஃப், அதை ஒட்டி முகவரி. இடைவெளி விடாமல் எழுதுங்கள். அந்த இடத்தில் வெளியார் தட்டச்சு செய்த எதையும் போடவே போடாதீர்கள். அது நேராக, சர்வரில் மெயிலை அனுப்பும் சென்ட்மெயில் கட்டளைக்குப் போகிறது.

பைத்தான் மொழியில், மெயில் அனுப்ப எஸ்.எம்.டி.பி.லிப் என்ற நூலகத்தை வைத்திருப்பவர்களுக்குக் கவர் கண்ணுக்குத் தெரியும். 'சென்ட்மெயில்' அழைப்பில் முதலில் கொடுக்கும் முகவரிதான் கவர். ஃப்ரம் வரி மெயிலுக்குள் தனியாக இருக்கும், நீங்கள் எழுதாவிட்டால் அது தானாக வராது. 'சென்ட்-மெசேஜ்' பயன்படுத்தி முகவரி கொடுக்காமல் விட்டால் 'சென்டர்' (அனுப்புபவர்) வரி இருந்தால் அதையும், இல்லாவிட்டால் ஃப்ரம் வரியையும் பார்த்து அதுவே கவரை எழுதிக்கொள்ளும். நான் பிறகு இதற்குத்தான் மாறினேன்.

சரி, கவரும் தாளும் ஏன் ஒத்துப்போக வேண்டும்? எஸ்.பி.எஃப். பார்ப்பது கவரில் உள்ள டொமைனை, அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரை. அந்த டொமைன்காரர் இந்த ஐ.பி.யிலிருந்து (சர்வரின் இணைய எண்) அனுப்ப அனுமதி கொடுத்திருக்கிறாரா என்று டொமைன்களின் பதிவேடான டி.என்.எஸ்.ஸில் தேடும். டி.கிம். என்பது மெயிலின் மேல் ஒரு டொமைன் போடும் கையெழுத்து. டிமார்க் கேட்பது ஒன்றுதான்: இந்த இரண்டில் ஒன்றாவது தேறி, அந்த டொமைன் ஃப்ரம் வரியில் உள்ள டொமைனோடு பொருந்துகிறதா? என் விஷயத்தில் ஃப்ரம் ஆலையின் டொமைன், கவர் வாடகை சர்வரின் பெயர், கையெழுத்து இல்லவே இல்லை. எதுவும் பொருந்தவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கிம். ஒன்றாவது கட்டாயம். நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்பினால் இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும். எஸ்.பி.எஃப். பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். பழையதை விட்டுவிட்டுப் புதிதாக இன்னொன்று சேர்த்தால் இரண்டுமே செல்லாது. இருப்பதைத் திறந்து அதற்குள்ளேயே உங்கள் சர்வரின் ஐ.பி.யைச் சேருங்கள்.

சொந்த சர்வர் இல்லாமல் ஜிமெயில் வழியாகவே அனுப்புகிறவர்களுக்கு வேறு சிக்கல். ஃப்ரம் வரியில் நீங்கள் எதை எழுதினாலும், லாகின் செய்த கணக்கின் முகவரியை ஜிமெயில் அதன் மேல் எழுதிவிடும். வேறு முகவரி வேண்டும் என்றால் அமைப்புகளில் 'சென்ட் மெயில் அஸ்' பகுதியில் முதலில் அதைச் சேர்த்து உறுதிசெய்ய வேண்டும். பாஸ்வேர்ட் ஏற்கவில்லை என்று வந்தால், இருபடிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுங்கள்.

இப்போது பெயர். இதில் நம் ஊர்க்காரர்கள் நிறைய மாட்டுகிறார்கள். ஆலை முதலாளி, "பேரு தமிழ்லயே வரட்டும்மா, கடைசில ஊர் பேரும் போடு" என்றார். பெயர், கமா, கிருஷ்ணகிரி என்று எழுதினேன். ஃப்ரம் வரியில் கமா என்றால் அடுத்த முகவரி ஆரம்பம் என்று பொருள். கமாவுக்கு முன்னால் முகவரியே இல்லாத ஒரு பெயர் நிற்க, சில சர்வர்கள் மெயிலையே ஏற்க மறுத்தன. பெயரில் கமாவோ புள்ளியோ இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். தமிழ் எழுத்தாக இருந்தால் மேற்கோளும் போதாது, அதைக் குறியீடாக மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது பெயரை மட்டும் மாற்றுங்கள். பெயரையும் முகவரியையும் ஒன்றாகச் சேர்த்து மாற்றினால் முகவரியும் குறியீட்டுக்குள் புதைந்துவிடும், அனுப்பியவர் யாரென்றே தெரியாது. பைத்தானில் 'ஃபார்மட்-ஆடர்' என்ற ஃபங்ஷனிடம் பெயரையும் முகவரியையும் தனித்தனியாகக் கொடுத்தால் போதும், எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கும் என் சித்தப்பாவின் இணையதளத்தில் வேறு கதை. அவரிடம் விசாரணைப் படிவம் இருந்தது. வாடிக்கையாளர் நிரப்பும் மெயில் முகவரியையே ஃப்ரம் வரியில் போடும்படி யாரோ எழுதியிருந்தார்கள். பதில் அனுப்ப வசதி என்று நினைத்திருப்பார்கள். ஆனால் யாஹூ முகவரி கொடுத்தவர்களின் விசாரணை ஒன்றுகூட வந்து சேரவில்லை. தன் பெயரில் வேறு இடத்திலிருந்து மெயில் வந்தால் நிராகரித்துவிடுங்கள் என்று யாஹூ 2014 ஏப்ரலிலேயே டிமார்க்கில் அறிவித்துவிட்டது. ஃப்ரம் வரியில் உங்கள் டொமைன் முகவரிதான் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் முகவரிக்கு இடம், பதில் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ரிப்ளை-டு வரி. அதைப் போடும் முன் அதில் வரிமுறிவு எதுவும் இல்லை என்று பார்த்துவிடுங்கள். அதை வைத்து ஸ்பேம்காரர்கள் பி.சி.சி. (மறைநகல்) வரியை நுழைத்து உங்கள் சர்வரிலிருந்தே ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள்.

அப்புறம், திரும்பி வந்த மெயில்கள். கவரில் ரூட் இருந்த நாள்வரை அவையெல்லாம் சர்வருக்குள்ளேயே ரூட்டின் பெட்டியில் சேர்ந்துகொண்டிருந்தன. அதை நான் திறந்து பார்த்ததே இல்லை. கவரில் போடும் முகவரிக்கு உண்மையான பெட்டி இருக்க வேண்டும், அதை ஒருவர் பார்க்கவும் வேண்டும். நான் அந்தப் பழைய பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். போச்சம்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு சீசன் தொடங்கிய நாளிலிருந்து ஒரு சீட்டுகூடப் போகவில்லை. முகவரியில் ஓர் எழுத்து தப்பு, தட்டச்சு செய்தது நான். போன் போட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு, எல்லாச் சீட்டையும் அன்றைக்கே மறுபடி அனுப்பினேன்.